மஞ்சள் தேயிலையும் நான்காம் குவியலும்

பியர்ஃபித், பாரிஸ்
22 ஜனவரி 2012

பாசமுள்ள அக்கா மரியமலருக்குத் தம்பி லாசர் எழுதுவது.

இந்தக் கையெழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியாது. இதுவரை நீ பார்த்ததில்லை. இது என்னுடையது. அறுபத்தைந்து வயதில் உன் தம்பி எழுதுகிறான். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன், இப்போது பதினொன்றரை. இவ்வளவுதான் ஆகியிருக்கிறது. பரவாயில்லை, இன்று ஞாயிறு. பூசைக்கு நேற்று மாலையே போய்விட்டேன்.

இத்தனை வருடமும் உனக்கு வந்த கடிதங்களை தமிழ்க் கடைகள் இருக்கும் லாஷப்பல் தெருவில் தொலைபேசி அட்டை விற்கும் துஷ்யந்தன்தான் எழுதினான். நல்ல பிள்ளை. ஆனால் நான் சொல்வது ஒன்று, அவன் எழுதுவது ஒன்று. கடையில் ஆள் வந்தால், "அண்ணை, இடம் முடிஞ்சுது, இதிலை ஒரு கீறு கீறுங்கோ" என்பான். நான் கீறுவேன். நீ அங்கே அதைப் பார்த்து என் கையெழுத்து என்று நினைத்திருப்பாய்.

போன வைகாசியில் லாஷப்பலில் ஒரு கடைக்குப் பின்னால் உள்ள அறையில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடப்பதைக் கேள்விப்பட்டுப் போனேன். நடத்துகிறவர் மரி-லூயிஸ், புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். படிக்கிறவர்கள் எல்லாம் இங்கே பிறந்த ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள். நடுவில் நான். பக்கத்தில் உட்காரும் வனேசா என்ற சிறுமி என் கொப்பியை எட்டிப் பார்த்து, "தாத்தா, உங்கட ழானா படுத்துக் கிடக்கு" என்றாள். "அதுக்கும் வயசு போயிட்டுதும்மா" என்றேன். மரி-லூயிஸ் அம்மாவுக்கு என்மேல் ஒரே குறைதான். "மிசியே லாசர், ரொம்ப அழுத்தி எழுதறீங்க, அடுத்த பக்கத்துலயும் சேர்த்து எழுதறீங்க" என்கிறார். உண்மைதான். இந்தத் தாளைத் திருப்பித் தடவிப் பார், தெரியும்.

என் உடம்பைப் பற்றி என்ன சொல்ல. முழங்கால் சொன்னது கேட்பதில்லை. விடிய ஐந்தரை ரயிலைப் பிடித்துக் கார் து நோர் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து நடந்து லாஷப்பல் மெற்றோ பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைக் கடையைக் கழுவித் துடைக்கிறேன். கடைக்காரி மதாம் லின், சீனத்தி. நானும் அவளும் பேசுகிற பிரெஞ்சைக் கேட்டால் பிரெஞ்சுக்காரன் காதைப் பொத்துவான். ஆனால் எங்களுக்குள் விளங்குகிறது. நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இலை அரைத்துக் காயவைக்கும் ஸ்டோரில் வேலை செய்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரு கோப்பை ஊற்றித் தராமல் அனுப்புவதில்லை.

இதோடு ஒரு சிறு பொதி வருகிறது. மஞ்சள் தேயிலை. பச்சையும் அல்ல, கறுப்பும் அல்ல. சீனாவிலேயே கொஞ்சப் பேர்தான் செய்கிறார்கள், வருடத்துக்கு நாலைந்து பெட்டிதான் அவளுக்கு வருகிறது. எனக்குக் கிடைத்ததில் பாதி உனக்கு. பால் ஊற்றாதே.

மகள் லூசியாவுக்கு மாமாவின் அன்பைச் சொல். மத்தியானம் ஒன்றரை மணி ஆகிவிட்டது. விரல் வலிக்கிறது, ஆனால் நிறுத்த மனம் வரவில்லை.

உன் தம்பி,
லாசர்

*

மலையாளபுரம், கிளிநொச்சி
19 பெப்ரவரி 2012

அன்புத் தம்பி லாசருக்கு அக்கா எழுதுவது.

கடிதமும் பொதியும் கிடைத்தன. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதும், நீ வேலிக்குள்ளால் நுழைந்து ஓடியதும் நினைவு வந்தது. ஐந்தாம் வகுப்புவரை நான் படித்ததில் பாதியாவது உனக்கு வந்திருக்கலாம் என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. இப்போதாவது வந்ததே. எழுத்து நன்றாக இருக்கிறது.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. முகாமிலிருந்து திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்குக் கூரை போட்டார்கள், சுவர் இன்னும் பாதியில் நிற்கிறது. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினோம், தண்ணீர் இன்னும் கலங்கல்தான். லூசியா ஒரு தையல் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். அவள் போனபின் நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எழும்ப வேண்டும் என்று நினைத்து நினைத்தே மத்தியானம் ஆகிவிடுகிறது. வருத்தம் என்று ஒன்றுமில்லை. களைப்புத்தான்.

உன் தேயிலையைப் பற்றிச் சொல்கிறேன், கோபிக்காதே. பொதியை அவிழ்த்து மோந்தேன். பச்சை வாசமும் இல்லை, சாய வாசமும் இல்லை, அவித்த சோளம் மாதிரி ஒரு வாசம். இலையும் பழுப்பேறிக் கிடந்தது. சரியாகக் காயவைக்காமல் உன் தலையில் கட்டியிருக்கிறாள் என்று நினைத்து, மண்சட்டியை அடுப்பில் வைத்து நன்றாக வறுத்தேன். அப்போதுதான் தேயிலை வாசம் வந்தது. பால் ஊற்றி, சீனி போட்டு, நானும் லூசியாவும் பக்கத்து வீட்டு நாகேஸ்வரியும் குடித்தோம். நாகேஸ்வரி, "பரவாயில்ல, ஆனா நம்ம தோட்டத்துத் தூசித் தூளே இதவிட நல்லாயிருக்கும்" என்றாள்.

எனக்கு என்ன நினைவு வந்தது தெரியுமா. என் வீட்டுக்காரர், உன் மச்சான், கெடுத்த அந்த இலைக் குவியல். குடித்துவிட்டு வந்து, இலையை ஈரத்துணிக்குக் கீழே புளிக்கவிட்டாரே, அதிலும் இப்படித்தான் ஒரு மந்தமான வாசம் வந்தது. அந்த ஒரு நாளால்தானே ஸ்டோர் வேலையும் போய், குடியிருந்த லயக் காம்பராவும் போய், கைக்குழந்தையோடு இந்த வன்னிக்கு வந்தோம். செத்தவரைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் மோந்ததும் நினைவு வந்துவிட்டது.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவு. குளிரில் வெறுங்காலோடு தரை கழுவாதே.

அக்கா,
மரியமலர்

*

பியர்ஃபித், பாரிஸ்
18 மார்ச் 2012

அன்பு அக்காவுக்கு,

நீ வறுத்த கதையை மதாம் லின்னுக்குச் சொன்னேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. சட்டியை அடுப்பில் வைத்துக் கிளறுவது போல் கையால் காட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பாலும் சீனியும் என்றேன். முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்துபோனேன், சிரித்திருக்கிறாள். "உன் அக்கா தேயிலைக்காரிதான், ஈரத்தைக் கண்டால் சும்மா இருக்கமாட்டாள்" என்றாள்.

பிறகு அது எப்படிச் செய்கிறது என்று காட்டினாள். அவளுடைய தகப்பன் செய்தவராம். பங்குனிக் கடைசியில், இலை விரியுமுன் மொட்டை மட்டும் கிள்ள வேண்டும். இரும்புச் சட்டியில் வெறுங்கையால் புரட்டி வாட்ட வேண்டும். அதோடு பச்சை செத்துவிடும். அடுத்தது என்ன செய்வார்கள் என்று நினைக்கிறாய். காயவைப்பதில்லை. சூடும் ஈரமும் இருக்கும்போதே காகிதத்தில் பொதிந்து மூடிவிடுவார்கள். சில மணி நேரம் கழித்து அவிழ்த்து, மறுபடி சட்டி, மறுபடி காகிதம். இப்படி மூன்று நாள். உள்ளே கிடந்து இலை தானே மஞ்சளாகும், காரம் போய் இனிமை வரும். அதற்குப் பிறகுதான் மெல்லிய தணலில் காயவைப்பது. நேரம் தப்பினால் புளித்துப்போகும். அந்த மூன்று நாளும் தகப்பன் சட்டைகூட மாற்றமாட்டாராம். இதையெல்லாம் ஒரு பழைய பத்திரிகைத் தாளில் என் கைத்துண்டைப் பொதிந்து பொதிந்து காட்டினாள். வாங்க வந்த ஒரு பிரெஞ்சுக்காரி நாங்கள் கைத்துண்டுக்கு என்ன செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா, அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு இலை உருட்டும் நம் ரோலர் அறை நினைவு வந்தது. ஈர இலையைக் குவித்து மூடி வைப்பது. நம் ஸ்டோரில் அதுதானே பெரிய குற்றம். இங்கே அதுதான் வேலை. அங்கே வண்டியில் அள்ளி ஆற்றில் கொட்டினார்கள், இங்கே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நம் இலை முதலில் சட்டியைக் காணவில்லை, அதனால் புளித்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ மச்சானின் குவியலைப் பற்றி எழுதியிருந்தாய். அதை மூடியது மச்சான் அல்ல, நான்.

இதைத் துஷ்யந்தனுக்குச் சொல்லி எழுதுவிக்க முடியாது. தொலைபேசியில் சொல்லலாம் என்றால், நீ எப்போதும் யாராவது பக்கத்தில் இருக்கும்போதுதான் பேசுவாய். இப்போது நானே எழுதலாம் என்பதால் எழுதுகிறேன். அன்று மச்சான் அவசரமாகக் கிளம்பும்போது, "லாசரு, ஒரு மணி நேரம் பாத்துக்க" என்று என்னிடம் விட்டுப் போனார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து சுவர்ப்பலகையில் சோக்கால் எழுதிவிட்டு, "படிச்சியா, அதும்படி செய்" என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன். எனக்கு எழுத்துத் தெரியாது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் ரோலர் அறையிலிருந்து எடுத்துவிடுவார். நான்காம் குவியலை உடனே அடுப்புக்கு ஏற்று என்று எழுதியிருந்ததாம். எனக்கு எப்படித் தெரியும். நான் வழக்கப்படி மூன்றாவதை ஏற்றினேன். நான்காவது காய்ந்துவிடக் கூடாது என்று குவித்து, ஈரத்துணியால் மூடினேன். அடுப்பு இடையில் நின்றுபோனது. என் முறை முடிந்ததும் போய்விட்டேன்.

பிறகு டீமேக்கர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது, மச்சான் என்னிடம் ஒன்றும் சொல்லிப் போகவில்லை என்றேன்.

இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. அன்றைக்கே எனக்கு மதாம் லின்னைத் தெரிந்திருந்தால் நாம் தோட்டத்துத் துரைக்கே மஞ்சள் தேயிலை விற்றிருக்கலாம்.

இந்தக் கடிதத்துக்கு இரண்டு ஞாயிறு ஆனது. இதுதான் நான் எழுதிய மிக நீளமான கடிதம். மரி-லூயிஸ் அம்மாவிடம் காட்டவில்லை.

உன் தம்பி,
லாசர்

*

பியர்ஃபித், பாரிஸ்
29 ஏப்ரல் 2012

அன்பு அக்காவுக்கு,

கடிதம் ஒன்றும் வரவில்லை. தபால் பிந்துகிறதோ என்று நினைத்தேன். துஷ்யந்தனிடம் கேட்டேன், அவனுக்கு ஊரிலிருந்து பத்து நாளில் வருகிறதாம். தொலைபேசி எடுத்தேன். லூசியா எடுத்து, "அம்மா படுத்திருக்காங்க மாமா" என்றாள். நேற்றும் எடுத்தேன். அதையே சொன்னாள்.

உடம்புக்கு என்ன. மருந்து எடுக்கிறாயா. நான் எழுதியதில் ஏதாவது பிழை இருந்தால் சொல். எனக்குச் சொற்கள் இன்னும் சரியாக வருவதில்லை. சொல்ல நினைத்தது ஒன்று, எழுதியது ஒன்றாக இருக்கலாம்.

இங்கே மழை. லாஷப்பலில் பாலத்துக்குக் கீழே எல்லாரும் ஒதுங்கி நிற்கிறார்கள். கடையில் படி கழுவும்போது உட்கார்ந்து எழும்ப முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மதாம் லின் இனி வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்கிறாள்.

இரண்டு வரியாவது எழுது.

லாசர்

*

மலையாளபுரம், கிளிநொச்சி
20 மே 2012

லாசருக்கு,

தபால் பிந்தவில்லை. உன் கடிதம் பங்குனிக் கடைசியிலேயே வந்துவிட்டது. நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை நகரவில்லை.

நீ எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. எல்லாம் விளங்கியது. விளங்கியதால்தான் படுத்தேன்.

உனக்குத் தெரியாத மிச்சத்தை நான் சொல்கிறேன். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல். நான்தான் அவரைப் போகச் சொன்னேன். தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று டவுனுக்கு நடந்தார். வரும் வழியில் மழை. நனைந்து நடுங்கி ஒரு வாய் குடித்திருக்கிறார். ஒரு வாய்தான். மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு ஸ்டோருக்கு ஓடினார். அந்த வாய் வாசத்தை டீமேக்கர் பிடித்துக்கொண்டார். "லாசர்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்" என்று அவர் எத்தனை பேரிடம் சொன்னார் தெரியுமா. என்னிடமும் சொன்னார். நான் உன்னிடம் வந்து கேட்டேன். நீ இல்லை என்றாய். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்.

நான் உன்னை நம்பினேன். என் தம்பி பொய் சொல்லமாட்டான் என்று அவரிடம் சொன்னேன். "குடிச்சது போதாதுன்னு எந் தம்பி மேலயா பழியப் போடுறீங்க" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் எடுத்தேன். இங்கே காடு வெட்டும்போது எடுத்தேன், வெள்ளத்தில் நெல் போனபோது எடுத்தேன், இடம்பெயர்ந்து ஒவ்வொரு மரத்தடியிலும் உட்கார்ந்தபோது எடுத்தேன். உங்களால்தான் இங்கே வந்தோம் என்பேன். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். முகாமில் அவர் சாகிறதுக்கு முதல் நாள், கஞ்சிக்கு வரிசையில் நின்று வந்து, அப்போதும் சொன்னேன். அவர், "இருக்கட்டும் மலரு, நீ கஞ்சியக் குடி" என்றார்.

முப்பத்துமூன்று வருடம் நான் ஏசினேன். அதை இப்போது யாரிடம் போய்த் திருப்பி எடுப்பேன்.

தோட்டத்திலிருந்து எங்களோடு வந்த சனமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு அவர் குடிகார வின்சன்ற். லூசியா குடிகார வின்சன்றின் மகள். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தம் அந்தப் பெயரில்தான் தட்டிப்போனது. அது உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

நீ அதைத் தேயிலைக் கதைக்கு நடுவில் எழுதினாய். கைத்துண்டு, பிரெஞ்சுக்காரி, கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பிறகு மச்சான். கடைசியில் ஒரு பகிடி. எழுதக் கற்றுக்கொண்ட சந்தோசத்தில் எழுதியிருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியும், நீ கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் களைப்பாக இருக்கிறது. கெட்டவனாக இருந்தால் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் திகதி அவருடைய ஆண்டுப் பூசை. பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். நீ இன்னொரு கடிதம் எழுது. எனக்கு அல்ல, அவர்களுக்கு. சாப்பாட்டுக்கு முன் லூசியா வாசிப்பாள். ஒரு பக்கம் போதும். அதில் மஞ்சள் தேயிலை வேண்டாம். உன் முழங்கால் வேண்டாம். உனக்கு எழுத்துத் தெரியாததால் நடந்தது என்று சாட்டு வேண்டாம். எழுத்துத் தெரியாதது பலகைக்குத்தான். இல்லை என்று சொன்னது வாய்.

அதற்குப் பிறகு நீ எழுதினால் வாசிப்பேன். பதில் எழுதுவேன் என்று சொல்லவில்லை.

மரியமலர்

*

பியர்ஃபித், பாரிஸ்
8 ஜூலை 2012

வின்சன்றின் ஆண்டுப் பூசைக்கு வந்திருக்கும் எல்லாருக்கும்,

நான் மரியமலரின் தம்பி லாசர். நீங்கள் என்னை அறிவீர்கள். தோட்டத்து ஸ்டோரில் ரோலர் அறையில் வேலை செய்தேன்.

1976ஆம் ஆண்டு மே மாதம், நான்காம் குவியல் புளித்துப்போன நாளில், அந்த அறை வின்சன்றின் பொறுப்பில் இருந்தது. அவர் மகள் லூசியா அப்போது கைக்குழந்தை. அவளுக்குக் காய்ச்சல். மருந்து வாங்க அவர் டவுனுக்குப் போனார். போகும்போது குவியல்களைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். நான் சரி என்றேன்.

நான்காம் குவியலை ஏற்றாமல் விட்டது நான். ஈரத்துணியால் மூடியது நான். அதை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போனது நான்.

மறுநாள் டீமேக்கர் என்னைக் கேட்டார். வின்சன்ற் என்னிடம் ஒன்றும் சொல்லிப் போகவில்லை என்றேன். அது பொய். அன்று மாலை என் அக்கா வந்து கேட்டாள். அவளுக்கும் அதையே சொன்னேன். அதுவும் பொய். அதற்குப் பிறகு வேறு யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

வின்சன்ற் உங்கள் எல்லாருக்கும் சொன்னது உண்மை. அவர் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என்மேல் வீண்பழி போடுகிறார் என்று நினைத்து நீங்கள் எனக்காக அவரை ஏசினீர்கள்.

அக்கா அவரை நம்பாததற்குக் காரணம் நான். அவளை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

மன்னிப்புக் கேட்டு எழுதும்படி அக்கா சொல்லவில்லை. கேட்க வேண்டிய ஆள் அங்கே இல்லை. அதனால் கேட்கவில்லை.

உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். இவ்வளவு காலமும் அவர் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைப் போட்டுச் சொல்லி வந்தீர்கள். இனி அவரை வின்சன்ற் என்று மட்டும் சொல்லுங்கள். பெயருக்கு முன்னால் ஒரு சொல் போட்டே ஆக வேண்டுமென்றால், பொய் சொன்ன லாசர் என்று சொல்லுங்கள்.

அந்தோனி லாசர்